வெறும் வயிற்றோடு வந்த மந்தை

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் எருக்கு மண்டிக் கிடக்கும். தினமும் காலையில் அந்தக் கரைவழியாகத்தான் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும். வேலியில் படர்ந்த கொடி, உதிர்ந்த கருவேல நெற்று, காய்ந்த அருகு என்று வழியில் எதையும் விட்டுவைக்காத வெள்ளாடுகள், எருக்கம்புதர் வந்ததும் மூக்கை ஒருதரம் நீட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். யாரும் விரட்ட வேண்டியதில்லை. இலையைக் கிள்ளினால் காம்பில் முத்துப்போலத் திரளும் அந்தப் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று வீட்டில் மிரட்டி வைத்திருந்தார்கள். அந்த மிரட்டலில் நியாயம் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பெரிய வலிகூட இல்லாமல் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

இந்த எருக்குக்கு அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலங்களில் பெரிய சொந்தபந்தம் உண்டு. அங்கே இவற்றுக்குப் பொதுப்பெயர் மில்க்வீட், பால் வடியும் களை. நம் அரளி, எருக்கு, வேலிப்பருத்தி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான். எருக்கு கலோட்ரோபிஸ் என்ற பேரினம். அமெரிக்கச் செடிகள் அஸ்கிளீப்பியாஸ் என்ற பேரினம். கிரேக்கர்களின் மருத்துவக் கடவுளான அஸ்கிளீப்பியஸின் பெயரை லின்னேயஸ் இவற்றுக்குச் சூட்டினார். அப்படிப் பெயர் வாங்கிய செடி, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மறி ஆடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது.

அங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. எங்கள் ஊர் ஆடுகளுக்கு எருக்கைத் தொடக் கூடாது என்று தெரிகிறது. யூட்டா ஆடுகளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? இதைத் தேடிப் படிக்கப் படிக்க, செடியைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட மேய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

முதலில் செடிகளைப் பார்த்துவிடுவோம். பாலைவன மில்க்வீட் என்று சொல்லும்போது ஆளுக்கொரு செடியைச் சொல்வார்கள். சொனோரா, மொஹாவி பாலைவனங்களில் வளரும் சபுலாட்டா இனத்தில் இலை இருப்பதே தெரியாது. சாம்பல் பூத்த பச்சைக் குச்சிகள் மட்டும் ஒரே தூரிலிருந்து ஆளின் மார்பு உயரத்துக்கு நிற்கும், நம் கொடிக்கள்ளியைத் தூக்கி நிறுத்திவைத்த மாதிரி. மழைக்குப் பின் கொஞ்சம் இலை விட்டு, சீக்கிரம் உதிர்த்துவிடும். குச்சியே இலையின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதன் பாலில் ரப்பர் இருக்கிறது என்று தெரிந்து, ரப்பருக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலத்தில் அமெரிக்கர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அது பெரிய தொழிலாக வளரவில்லை. மொஹாவியின் மணல் ஓடைகளில் எரோசா என்ற இனம் நிற்கும். ஆள் உயரம், அகலமான தடித்த இலை, யாரோ கடித்துவைத்தது போன்ற ஓரம். எருக்கைத் தெரிந்த கண்ணுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். தென்கிழக்கு யூட்டாவின் செம்மண் ஓடைகளில் லாப்ரிஃபார்மிஸ் என்ற இனம் இருக்கிறது. யூட்டாவைத் தாண்டி வேறெங்கும் அது கிடையாது. மில்க்வீட்களிலேயே ஆட்டுக்கு மிகக் கொடியது என்று சொல்லப்படுவது இதுதான்.

ஆனால் எண்ணிக்கையில் அதிகம் கொன்றது இவற்றில் எதுவும் இல்லை. அந்தச் செடியின் பெயர் அஸ்கிளீப்பியாஸ் சப்வெர்ட்டிசில்லாட்டா. பெயர்தான் பெரியது, செடி பரம சாது போல இருக்கும். முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் உயரம். ஈர்க்குச்சி அகலம்கூட வராத மெல்லிய இலைகள், ஒவ்வொரு கணுவிலும் மூன்று நான்காகச் சுற்றி நிற்கும். உச்சியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் குடை மாதிரி விரிந்திருக்கும். பூ இல்லாத நாளில் புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். இதை இனிமேல் ஈர்க்கிலைச் செடி என்றே சொல்கிறேன். படிக்க வசதியாக நான் வைத்துக்கொண்ட பெயர் அது. நட்ட நடுப் பாலைவனத்தைவிட, வறண்ட சமவெளியில் வாய்க்கால் கரை, சாலை ஓரம், பழத்தோட்டத்து மூலை, கைவிட்ட வயல், மந்தை போகும் தடம் என்று மனிதன் கிளறிவிட்ட மண்ணில்தான் இது செழிக்கும்.

அந்தத் தடம்தான் கதையின் மையம். ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே ஆடு வளர்ப்பு ஒரு பெரிய ஊஞ்சலாட்டம். குளிர்காலத்தில் மந்தை பாலைநிலத்தில் இருக்கும். அங்கே குளத்துக்கும் கிணற்றுக்கும் போக வேண்டியதில்லை. விழும் பனியே ஆட்டுக்குத் தண்ணீர். கோடை வந்தால் பாலை காய்ந்துவிடும், மந்தையை மலைக்கு ஏற்றுவார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி கீழே இறக்குவார்கள். இப்படிப் போக வர வழக்கமான தடங்கள் இருந்தன. ஒரே தடத்தில் ஒரு மந்தை போன பின் இன்னொரு மந்தை, அதற்குப் பின் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரம், இரண்டாயிரம் ஆடுகள். முதலில் போன மந்தைக்குப் புல் கிடைத்தது. பின்னால் வந்தவற்றுக்கு மண்ணும், ஆடு தொடாத செடியும்தான் மிச்சம். இதோடு ரயில் வந்தது. ஆட்டை ஏற்றி இறக்க நிலையத்தின் பக்கத்தில் பட்டி கட்டினார்கள். நாள் முழுக்க வண்டியில் பட்டினி கிடந்த ஆடுகளை அதற்குள் திறந்துவிட்டால், மிதிபட்ட தரையில் பச்சையாக நிற்பது ஈர்க்கிலைச் செடி ஒன்றுதான்.

நாள்கணக்காகச் சரியாக மேயாமல் நடந்துவந்த செம்மறி அந்த இடத்தில் என்ன செய்யும்? செம்மறி வெள்ளாடு மாதிரி நின்று நிதானித்துப் பொறுக்கித் தின்னாது. முன்னால் போகும் ஆடு வாய் வைத்தால் பின்னால் வருவதும் அங்கேயே வாய் வைக்கும். பச்சை தெரிந்தால் கூட்டமாகக் கவிழ்ந்துவிடும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நடுத்தர ஆட்டைக் கொல்ல 30 முதல் 90 கிராம் பச்சை இலை போதும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. வீட்டில் பொரியலுக்கு ஆய்ந்துவைக்கும் முருங்கைக்கீரையில் ஒரு கைப்பிடி, மிஞ்சினால் இரண்டு. ஒரு ஆடு சாதாரணமாக ஒரு நாளைக்கு மேயும் பச்சைத் தீவனத்தோடு ஒப்பிட்டால் இது பல்லில் ஒட்டும் அளவுதான். லாப்ரிஃபார்மிஸ் என்றால் இதிலும் குறைவு போதும். அகன்ற இலை கொண்ட வேறு சில மில்க்வீட்களில் இதைப்போலப் பத்து மடங்கு தின்றால்தான் சாகும். ஆகவே மில்க்வீட் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது பெரிய தப்பு.

தின்ற சில மணி நேரத்தில் ஆடு மந்தையிலிருந்து பிரிந்து நிற்கும். தலை தொங்கும். நடந்தால் பின்னங்கால் பின்னும். அசைபோடுவது நின்றுவிடும், உள்ளே உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேற வழியில்லாமல் வயிறு உப்பும். அப்புறம் விழுந்துவிடும். விழுந்த பின் வருவதுதான் கொடுமை. கழுத்து பின்னால் வளைந்து முதுகோடு ஒட்டப் பார்க்கும், நான்கு கால்களும் ஓடுவது போலத் தரையைப் பிறாண்டும், கருமணி விரிந்து நிற்கும், மூச்சு திணறும், உடம்பு கொதிக்கும். வலிப்பு அடங்கும், மறுபடி வரும். சிலது அன்றைக்கே போய்விடும், சிலது ஓரிரண்டு நாள் கிடந்து போகும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. நிழலில் போட்டு, தொந்தரவு செய்யாமல், தண்ணீரும் நல்ல தீவனமும் வைக்கலாம். மருத்துவர் கிடைத்தால் பேதி மருந்து, மயக்க மருந்து, கரித்தூள், நரம்பு வழியாகத் திரவம் என்று முயல்வார். கொஞ்சமாகத் தின்ற ஆடு பிழைத்துக்கொள்ளும். நிறையத் தின்ற ஆட்டுக்கு இதெல்லாம் பெரும்பாலும் உதவாது.

சாவுகள் அதிகமானதும் அமெரிக்க வேளாண் துறை களத்தில் இறங்கியது. நடு யூட்டாவில் சலைனா என்ற சிற்றூருக்கு அருகே நச்சுச் செடிகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. சார்ல்ஸ் ட்வைட் மார்ஷ் என்பவர் அங்கே தம் கூட்டாளிகளோடு இந்தச் செடியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் அளந்து கொடுத்து, எந்த அளவில் என்ன ஆகிறது என்று குறித்தார். 1920இல் முடிவுகள் வெளிவந்தன. குற்றவாளி இந்தச் செடிதான் என்பது உறுதியானது. மேய்ச்சல்காரர்களுக்குக் கிடைத்த அறிவுரையின் சாரம் எளிமையானது: பசித்த மந்தையை இந்தச் செடி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஆராய்ச்சி மரபு இன்றும் அதே மாநிலத்தில் லோகன் நகரிலுள்ள நச்சுச் செடி ஆய்வகத்தில் தொடர்கிறது.

சரி, நஞ்சு என்ன நஞ்சு? மில்க்வீட்கள் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. எரோசா, லாப்ரிஃபார்மிஸ் போன்றவை பேர்போன ஒரு வகை நஞ்சை வைத்திருக்கின்றன. கார்டினோலைடு என்று பெயர். அரளியில் இருப்பதும் எருக்கில் இருப்பதும் இதே வகைதான். லாப்ரிஃபார்மிஸில் கண்டெடுத்த ஒரு கார்டினோலைடுக்கு அந்தச் செடியின் பெயரையே வைத்து லாப்ரிஃபார்மின் என்றே சொல்கிறார்கள்.

இது வேலை செய்யும் இடம் மிக நுட்பமானது. உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வில் குட்டிப் பம்புகள் உண்டு. ஒவ்வொரு பம்பும் ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஜென்ஸ் ஸ்கூ என்ற டென்மார்க் விஞ்ஞானி கடற்கரை நண்டின் நரம்பில் 1957இல் இதைக் கண்டுபிடித்தார். 40 ஆண்டு கழித்து, 1997இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு சேதி கடத்துவதும் இதயம் சீராகத் துடிப்பதும் இந்தப் பம்பை நம்பித்தான். கார்டினோலைடு போய் அதன் வாயில் அடைப்பான் போல உட்கார்ந்துகொள்ளும். சோடியம் உள்ளே தேங்கும். அதன் பின்னாலேயே கால்சியமும் சேரும். இதயத் தசை தாறுமாறாகச் சுருங்கும். துடிப்பு தடுமாறி, கடைசியில் நிற்கும். இதயம் பலவீனமான நோயாளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையும் இதே பம்பைத்தான் கொஞ்சமாகத் தடுக்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருக்கும் அளவு வித்தியாசம் அதில் ரொம்பக் குறுகல் என்பதால்தான் அந்த மாத்திரையை அவ்வளவு ஜாக்கிரதையாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஈர்க்கிலைச் செடியிடம் கார்டினோலைடு கொஞ்சம்தான். அதைத் தின்ற ஆட்டுக்கு வலிப்பு வருகிறது, அதாவது அடி நரம்பு மண்டலத்தில் விழுகிறது. மார்ஷ் காலத்திலேயே செடியின் பிசினிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களின் சந்தேகம் பிரெக்னேன் கிளைக்கோசைடு என்ற வேறொரு வகைப் பொருள்மேல் விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் இதே உறவுக்காரக் கொடியான சினாங்கத்தைத் தின்ற ஆடுகளுக்கும் இதே போல வலிப்பு வருகிறது, அந்தக் கொடியிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. துப்பு வலுவானதுதான். இருந்தாலும் ஈர்க்கிலைச் செடியைப் பொறுத்தவரை இந்த மூலக்கூறுதான் கொன்றது என்று கையைப் பிடித்துக் காட்டும் அளவுக்கு வழக்கு முடியவில்லை.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். ஆட்டுக்கு ஏன் தெரியவில்லை? யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரோவென்சா என்பவர் பல ஆண்டுகள் ஆடுமாடுகளின் தீனித் தேர்வை ஆராய்ந்தார். எதைத் தின்பது, எதை விடுவது என்ற அறிவில் பெரும்பகுதி பிறந்த பின் வருவது என்று அவரும் அவர் மாணவர்களும் காட்டினார்கள். குட்டி தாயின் பக்கத்தில் நின்று, தாய் எதில் வாய் வைக்கிறது என்று பார்த்துப் பழகுகிறது. புதிய செடியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கிறது. வயிறு புரட்டினால் அந்தச் சுவையை அதற்குப் பின் தொடுவதில்லை. நாக்கும் குடலும் சேர்ந்து கற்கும் பாடம் இது.

இந்தப் பாடம் நடக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஆடு அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு, ஒரு வாய் கடித்துவிட்டு நிறுத்தக்கூடிய நிலையில், வேறு தீனியும் இருக்கிற நிலையில் இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் வாங்கி ரயிலில் கொண்டுவந்து இறக்கிய ஆட்டுக்கு முதலாவது இல்லை. தடத்தில் பட்டினியாக ஓட்டி வந்த ஆட்டுக்கு இரண்டாவது இல்லை. கசப்பைப் பசி தோற்கடித்துவிடுகிறது. அதிலும் கைப்பிடி இலையே கொல்லும் செடியிடம், கொஞ்சம் கடித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அவகாசம் ஏது?

எங்கள் குளத்தங்கரை ஆடுகளுக்கு இரண்டுமே இருந்தன. அதே கரையில் பிறந்தவை, தாயின் பின்னால் அதே வழியில் நடந்தவை. இருநூறு அடி தாண்டினால் மேய்ச்சல் என்றும் அவற்றுக்குத் தெரியும். நம் ஊர் கீதாரிகளும் ஆட்டை வெகுதூரம் நடத்திப் போகிறவர்கள்தான். ராமநாதபுரத்திலிருந்து தஞ்சை வயல்களுக்குக் கிடை போடப் போகும் மந்தை மாதக்கணக்கில் வெளியூரில் இருக்கும். அவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த ஊரில் எந்தத் தழை ஆகாது, வெட்டிய சோளத்தட்டையில் துளிர்க்கும் இளங்குருத்தில் ஏன் ஆட்டை விடக் கூடாது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். சோளக்குருத்தின் நஞ்சு வேறு வகை, சயனைடு. ஆனால் பசித்த ஆட்டை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்ற பாடம் ஒன்றேதான்.

அமெரிக்க மேற்கில் நடந்ததை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. செடிமேல் பழி போட்டு எழுதிய எச்சரிக்கைகளைத்தான் முதலில் படித்தேன். ஆனால் அந்தத் தடங்களில் அவ்வளவு செடி எப்படி வந்தது? தாங்கும் அளவுக்கு மேல் மேய்த்ததில் நல்ல புல் அழிந்தது, போட்டிக்கு ஆளில்லாமல் ஈர்க்கிலைச் செடி பரவியது. மேலே தெரிவது நாலு தண்டு என்றால், கீழே வேர் பக்கவாட்டில் ஓடி அங்கங்கே புதுத் தண்டு விட்டுக்கொண்டே இருக்கும். பிடுங்கினால் மேல்பகுதி மட்டும் கையோடு வரும். மண்ணில் மிஞ்சிய வேர் மறுபடி முளைக்கும். உழுதால் வேர்த்துண்டுகள் வயல் முழுக்கப் பரவும். களைக்கொல்லியும் ஒரு தடவையில் வேலையை முடிப்பதில்லை. நிலத்தை மொட்டையாக்கியவர்கள் நாம், அதில் நின்றதைத் தின்றது ஆடு.

தடத்தில் மந்தை ஓட்டுவது பெரிதும் குறைந்துவிட்ட இன்றைக்கும் இந்தச் சாவு ஓயவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது கவலை வைக்கோல் கட்டில். பாசனம் உள்ள இடங்களில் குதிரைமசால் பயிரிட்டு, வெட்டி, உலர்த்தி, கட்டாகக் கட்டி விற்கிறார்கள். வாய்க்கால் ஓரத்துச் செடி வயலுக்குள் நுழைந்திருந்தால் அதுவும் சேர்ந்தே வெட்டுப்படும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. பச்சையாக நின்றபோது மூக்கைத் திருப்பிக்கொண்ட குதிரை, கட்டுக்குள் கலந்து நொறுங்கிக் கிடப்பதை எப்படிப் பிரித்து ஒதுக்கும்? மேய்ச்சலில் விலங்குக்கு இருந்த தேர்வுரிமையைக் கட்டு பறித்துவிடுகிறது. ஆட்டோடு மாடும் குதிரையும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தச் செடிகளை வேரோடு ஒழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் ஒரு பட்டாம்பூச்சி. மொனார்க் என்ற ஆரஞ்சு, கறுப்பு நிறப் பட்டாம்பூச்சியின் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. முட்டையிலிருந்து வந்த கடுகளவு புழுவுக்கு முதல் எதிரி நஞ்சுகூட இல்லை, பால்தான். கடித்த இடத்தில் பொங்கும் பால் வாயில் ஒட்டி உறைந்து எத்தனையோ புழுக்கள் அங்கேயே செத்துப்போகும். தப்பிப் பிழைத்துக் கொஞ்சம் வளர்ந்த புழு ஒரு சாமர்த்தியம் செய்யும். இலையைத் தின்னும் முன் காம்புப் பக்கம் போய் நடு நரம்பைக் கடித்து அறுத்துவிடும். பால் அங்கேயே வழிந்து வடிந்துவிடும். நுனிப்பக்கம் இலை தொங்கிப்போகும். அப்புறம் நிதானமாகத் திரும்பிப் போய், பால் வற்றிய இலையை உட்கார்ந்து தின்னும். எருக்கில் இதே வேலையைச் செய்யும் உறவினன் நமக்கும் உண்டு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. அடுத்த தடவை எருக்கம்புதரைக் கடந்தால் இலையின் அடியில் பாருங்கள், வரிவரியாக ஒரு புழு கிடைக்கும்.

ஆட்டின் இதயத்தை நிறுத்தும் கார்டினோலைடு மொனார்க் புழுவை ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் காரணம் அந்தப் பம்புதான். புழுவின் பம்பில் சில இடங்களில் மட்டும் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அடைப்பான் சரியாகப் பொருந்தாமல் வழுக்கிவிடுகிறது. 2019இல் ஆராய்ச்சியாளர்கள் அதே மாற்றங்களைப் பழ ஈயின் மரபணுவில் செய்துபார்த்தார்கள். அந்த ஈக்களும் நஞ்சைத் தாங்கின. மொனார்க் தாங்குவதோடு நிற்பதில்லை, நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. லிங்கன் பிரோவர் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1960களில் நீல ஜே பறவைகளுக்கு மொனார்க்கைக் கொடுத்துப் பார்த்தார். தின்ற பறவை கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தது. அதன்பின் அந்த நிறத்தைக் கண்டாலே தொடவில்லை. புரோவென்சாவின் ஆடுகள் கற்ற அதே பாடம்.

அதோடு, இந்தச் செடியை நம்பியிருப்பது மொனார்க் மட்டும் இல்லை. மில்க்வீட் பூவைக் கிட்டத்தில் பார்த்தால் ஐந்து கிண்ணங்கள் வட்டமாக நிற்கும், நிறையத் தேனோடு. கிண்ணங்களுக்கு நடுவே நூல் அளவு பிளவு. மகரந்தம் பொடியாக இருக்காது. இரண்டு சிறு பைகளாக ஒரு கிளிப்பில் மாட்டி அந்தப் பிளவின் மேல் தொங்கும். தேன் குடிக்க வந்த பூச்சியின் கால் வழுக்கிப் பிளவுக்குள் போகும். இழுத்தால் கிளிப்போடு பைகள் காலில் மாட்டிக்கொண்டு வரும். பலமில்லாத ஈ இழுக்க முடியாமல் அங்கேயே தொங்கிச் சாகும். பாலைவனத்தில் இந்தப் பூவைத் தேடி வரும் பலசாலி, டரண்டுலா சிலந்தியையே வேட்டையாடும் பெரிய நீலக்குளவி. குஞ்சுகளுக்குத்தான் சிலந்தி, தனக்கு வேண்டியது மில்க்வீட் தேன். நியூ மெக்சிகோ அந்தக் குளவியைத் தன் மாநிலப் பூச்சியாகவே வைத்திருக்கிறது.

மேற்குப் பகுதி மொனார்க்குகள் குளிர்காலத்தில் கலிபோர்னியா கடலோர மரங்களில் கூடும். ஒருகாலத்தில் லட்சக்கணக்கில் கூடியவை, 2020 குளிர்காலக் கணக்கெடுப்பில் 2,000கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டே 2 லட்சத்தைத் தாண்டின. ஆனாலும் ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறை மொனார்க்கை ஆபத்துக்குள்ளாகும் இனமாகச் சேர்க்க முன்மொழிந்தது. ஊர் ஊராக மில்க்வீட் நடுங்கள் என்ற இயக்கம் அதற்கு முன்பிருந்தே வலுத்து வந்தது. ஆட்டுப் பண்ணைக்காரர்கள் பதறினார்கள். தாத்தா காலத்திலிருந்து வெட்டி எறிந்த செடியை இப்போது நடச் சொல்கிறார்கள் என்றால் பதற்றம் வரத்தானே செய்யும்?

இரண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த இனத்தை எங்கே நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபீனிக்ஸ், டூசான் போன்ற நகரங்களின் வீட்டுத் தோட்டங்களில் இலையில்லாத சபுலாட்டாவை வைக்கிறார்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, மொனார்க்கும் வரும், அங்கே ஆடும் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் ஏற்கெனவே சிதறலாக நிற்பதை, புல் போதுமான அளவு இருக்கும்வரை அப்படியே விட்டுவிடலாம். வயிறு நிறைந்த மந்தை அதைத் தாண்டிப் போய்விடும். பட்டிக்குள்ளும், ஆட்டை இரவு நிறுத்தும் இடத்திலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும், வைக்கோல் வயலிலும் ஈர்க்கிலைச் செடி இருக்கக் கூடாது. அங்கே மட்டும் விடாமல் களையெடுக்க வேண்டும். மந்தையை இடம் மாற்றும் முன் வயிறு நிறையத் தீவனமும் தண்ணீரும் கொடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் சலைனாவில் சொன்ன அதே அறிவுரைதான்.

வைக்கோல் வாங்குகிறவர்கள் கட்டைப் பிரித்துப் பார்த்தே போட வேண்டும். தேட வேண்டியது, கணுவைச் சுற்றி ஊசி ஊசியாக இலை ஒட்டிய மெல்லிய தண்டு. அப்புறம் ஒல்லியான காய், நடுவில் மட்டும் சற்றுப் பருத்து நுனி கூர்ந்து இருக்கும். முற்றிய காய் வெடித்திருந்தால் கட்டுக்குள் பட்டுப் போன்ற வெள்ளைப் பஞ்சு சிக்கியிருக்கும். எருக்கங்காய் வெடித்து வரும் அதே பஞ்சு. சின்ன வயதில் தாத்தாப் பூச்சி என்று நாம் துரத்திப் பிடித்து ஊதிவிடுவோமே, அது. கொலராடோவில் ஒரு கொட்டகையில் கட்டைப் பிரிக்கும்போது அது எழும்பிப் பறந்தால், அந்தக் கட்டையும் அதே வயலிலிருந்து வந்த மற்றக் கட்டுகளையும் குதிரைக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.